வாய் ஆஃபரும் காகித ஆஃபரும்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பையனைச் சேர்ப்பது

கேட்டி_அப்பா · 19 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

பையன் இந்த வருஷம் 11ஆவது, ஹூஸ்டன் பக்கம். அமெரிக்கன் ஃபுட்பால், லைன்பேக்கர் (எதிரணியைத் தடுக்கிற ஆள்). (கால்பந்துன்னு எழுதினா ஊரில் இருக்கிறவங்க மெஸ்ஸி பக்கம் போயிடறாங்க, அதனால ஃபுட்பால்னே எழுதறேன்.) ஜூன் கேம்ப்பில் ஒரு எஃப்பிஎஸ் (கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டு) கல்லூரி கோச் ஆஃபர்னு வாயால சொல்லிட்டார். வீட்டில் இப்போ நடக்கிற பேச்சு இது: நாலு வருஷத்துக்கு முழு ஸ்காலர்ஷிப் உறுதி. ஜிபிஏ (4க்கு மார்க் சராசரி) 2.3 இருந்தாப் போதும், எஸ்ஏடி (நுழைவுத் தேர்வு) வேண்டாம். கல்லூரி பிடிக்கலைன்னா போர்ட்டலில் (கல்லூரி மாறறவங்க பட்டியல்) பேரைப் போட்டு எப்ப வேணும்னாலும் மாறிக்கலாம். மூணும் சரிதானே?

நாற்பது_கெஜம் · 19 ஆகஸ்ட், இரவு 11.05

மூன்றும் அரைகுறை. முதலில் ஆஃபர்.

உங்கள் பையன் 2027 வகுப்பு, அதாவது 2027இல் பள்ளி முடிப்பவர். எந்த டிவிஷன் 1 (மேல்படி) கல்லூரியும் அவருக்கு எழுத்தில் ஆஃபர் தரக்கூடிய முதல் நாள் 1 ஆகஸ்ட் 2026, அதாவது 12ஆவது தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1. அதுவரை வருவதெல்லாம் வாய்ச்சொல்தான். அதை நம்பிப் பையன் "கமிட்" என்று அறிவித்தாலும் அது அவரையும் கட்டாது, கல்லூரியையும் கட்டாது. ட்ராவிஸ் ஹன்டர் என்ற பெயர்பெற்ற பள்ளி ஆட்டக்காரர் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குச் சொல்லி வைத்திருந்து 2021 டிசம்பரில் கையெழுத்து நாளன்று ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போனார். அது தலைப்புச் செய்தி ஆனது. கல்லூரி ஒரு பையனைக் கழற்றிவிடுவது செய்தி ஆகாது. ஃபோன் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

கோச்சிடம் பையனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு (அப்பா கேட்கக் கூடாது): "நான் இன்றைக்கே சரி என்றால் இன்றைக்கே எடுத்துக்கொள்வீர்களா?" ஆமாம் என்றால் அது ஆஃபர். "சீசன் ஃபிலிம் வரட்டும்", "இன்னொரு தடவை கேம்ப்புக்கு வா", "ஹெட் கோச்சிடம் ஒரு வார்த்தை கேட்கணும்" என்றெல்லாம் வந்தால் பையன் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார் என்று பொருள். அடுத்த கேள்வி: 2027இல் எத்தனை லைன்பேக்கர் எடுக்கிறீர்கள், உங்கள் பட்டியலில் நான் எத்தனையாவது? மழுப்பாமல் எண் சொல்லும் கோச்சை மதிக்கலாம், அந்த எண் ஆறாகவே இருந்தாலும்.

கேட்டி_அப்பா · 20 ஆகஸ்ட்

சரி. ஆனா கொடுத்தா முழுசாத்தானே கொடுக்கணும்? எஃப்பிஎஸ்ஸில் 85 பேர், 85ம் முழு ஸ்காலர்ஷிப், அரைன்னு ஒண்ணு கிடையாதுன்னு படிச்சேனே.

நாற்பது_கெஜம் · 20 ஆகஸ்ட்

நீங்கள் படித்தது பழைய கணக்கு. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மீது ஆட்டக்காரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 6 ஜூன் 2025இல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார், ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக் கட்டுப்பாடு போய்விட்டது. பதிலுக்கு அணியில் மொத்தம் 105 பேர்தான். 105 பேருக்கும் கொடுக்கலாம். முழுதாகவும் கொடுக்கலாம், கால்வாசியாகவும் கொடுக்கலாம். ஆகவே இனி "ஸ்காலர்ஷிப்" என்று கேட்டதும் அடுத்த சொல் "எத்தனை சதவீதம்?" என்று இருக்கட்டும். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், அதற்கு மேல் கைச்செலவு வரை போகும் முழுப் படிப்புக்காலச் செலவு என்று தனித்தனியாக எது உண்டு எது இல்லை என்று கேளுங்கள்.

கீழ்ப்படிகளில் பங்கு போடுவது முன்பிருந்தே உண்டு. சமரசத்தில் சேராத எஃப்சிஎஸ் (டிவிஷன் 1இன் இரண்டாம் தட்டு) அணிக்கு 63 ஸ்காலர்ஷிப், அதை 85 பேர் வரை பிரித்துத் தருவார்கள். டிவிஷன் 2இல் 36. என்ஏஐஏவில் (சிறு கல்லூரிகளின் தனி அமைப்பு) 24. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஒரு காசும் இல்லை. இங்கேதான் உங்கள் வீட்டு எஸ்ஏடி முடிவு அடிவாங்குகிறது. 36ஐ நூறு பேருக்குப் பிரிக்கும் இடத்தில் பையனுக்கு வரும் விளையாட்டுப் பங்கு சிறிது. அதன்மேல் மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையைச் சேர்த்துத்தான் கோச் கணக்கைக் கட்டுவார். நல்ல மார்க் உள்ள பையன் கோச்சுக்கு மலிவான பையன்.

நாற்பது_கெஜம் · 20 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

"நாலு வருஷம் உறுதி" பற்றிச் சொல்ல விட்டுப்போனது. காகிதத்தில் எத்தனை வருஷம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனைதான். ஒரு வருஷ ஒப்பந்தமும் உண்டு, பல வருஷமும் உண்டு. 1 ஆகஸ்ட் 2024 முதல் டிவிஷன் 1 முழுக்க ஒரு காப்பு இருக்கிறது: சரியாக ஆடவில்லை, காயம் பட்டது என்ற காரணங்களுக்காக உதவியை வெட்ட முடியாது. ஆனால் படிப்பில் தகுதி இழந்தால் போகும். ஒழுங்கு நடவடிக்கையில் போகும். தானாக விலகினால் போகும். போர்ட்டலில் பெயர் கொடுத்தால் அந்தப் பருவ முடிவோடு நிறுத்தலாம்.

வாக்-ஆன் (ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேரும்) பையன்களுக்கு 105 பெரிய அடி. முன்பு 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் ஆளைக் குறைக்க வேண்டியதாயிற்று. "ப்ரிஃபர்ட் வாக்-ஆன்" (இடம் உண்டு, காசு இல்லை) என்று சொன்னால், ஆகஸ்டில் போடும் 105இல் என் பெயர் இருக்குமா என்று கேளுங்கள்.

வரி: கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுப் பகுதிக்கு உண்டு. ஏப்ரலில் பில் வந்ததும் முழிக்க வேண்டாம்.

நாற்பது_கெஜம் · 22 ஆகஸ்ட்

இப்போது அந்த 2.3. இந்த எண்ணை வைத்துத்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், ஏனென்றால் பள்ளி ரிப்போர்ட்டில் இருக்கும் ஜிபிஏ வேறு, என்சிஏஏ தகுதி மையம் போடும் ஜிபிஏ வேறு.

அவர்கள் பார்ப்பது 16 கோர் பாடங்களை மட்டும். ஆங்கிலம் 4. அல்ஜீப்ரா 1 அல்லது அதற்கு மேல் கணக்கு 3. அறிவியல் 2. இந்த மூன்றில் எதிலாவது கூடுதலாக 1. சமூக அறிவியல் 2. மீதி 4 இவற்றிலிருந்தோ, அயல்மொழி, தத்துவம், சமய ஒப்பியல் போன்றவற்றிலிருந்தோ. வெயிட் ரூம் பாடம், இசைக்குழு, கம்ப்யூட்டர் ஆபரேஷன் எல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பள்ளி ரிப்போர்ட்டில் 3.1 உள்ள பையன் இங்கே 2.2க்கு இறங்குவது இப்படித்தான்.

பிளஸ், மைனஸ் கிடையாது. பி பிளஸ்ஸும் 3, பி மைனஸ்ஸும் 3. சி மைனஸ்ஸும் சி-தான், 2. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16 பாடத்தில் 5 பி, 11 சி என்றால் 37 புள்ளி, 16ஆல் வகுத்தால் 2.31. தேறிவிட்டார். 4 பி, 12 சி என்றால் 36 புள்ளி, 2.25. ஒரே ஒரு பாடத்தில் ஒரு படி இறங்கியதற்கு முதல் வருஷம் ஆட முடியாது. உதவித்தொகை கிடைக்கும், முதல் பருவம் பயிற்சியும் செய்யலாம், மைதானத்தில் இறங்க முடியாது. அப்படி ஒரு பையனுக்கு இடம் ஒதுக்க, 105க்குள் ஆள் அடைக்கும் கோச்சுக்கு மனம் வராது.

இதைவிட முக்கியம் பூட்டு. 7ஆவது செமஸ்டர் தொடங்கும் முன் 16இல் 10 முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டியதும் அந்தப் பத்தின் மார்க் பூட்டப்படும். 12ஆவதில் மறுபடி எழுதி உயர்த்த முடியாது. உங்கள் பையனுக்கு அந்தக் கதவு அடுத்த ஆகஸ்டில் சாத்தப்படும். எழுத்து ஆஃபர் வரக்கூடிய அதே மாதம். ஆகவே சரிசெய்ய வேண்டியதை இந்த வருஷமும் வரும் கோடையிலும் செய்தாக வேண்டும்.

எஸ்ஏடியை என்சிஏஏ 2023 ஜனவரியில் கைவிட்டது உண்மை. கல்லூரி கைவிட்டதா என்பது தனிக் கேள்வி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டது.

கேட்டி_அப்பா · 22 ஆகஸ்ட்

அல்ஜீப்ரா 1 எட்டாவதிலேயே முடிச்சுட்டான். அது சேருமா? அப்புறம், இவனை ஒரு வருஷம் நிறுத்தி மறுபடி படிக்க வெச்சா உடம்பு ஏறும், ரீகிளாஸ் பண்ணுங்கன்னு ஒரு ட்ரெய்னர் சொல்றார்.

நாற்பது_கெஜம் · 23 ஆகஸ்ட்

உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியல்) மார்க்கோடு ஏறியிருந்தால் சேரும். நம்மவர்கள் வீட்டில் பலருக்கு இது உண்டு, பலர் ஏற்றச் சொல்லிக் கேட்பதில்லை.

ரீகிளாஸ்: கடிகாரம் 9ஆவதில் நுழைந்த நாளிலிருந்து ஓடுகிறது, 8 செமஸ்டர். அதற்கு அப்புறம் எடுப்பதில் ஒரே ஒரு கோர் பாடம் சேரும். எட்டாவதிலேயே நிறுத்தியிருந்தால் வேறு கதை. 11ஆவதில் நிறுத்தினால் உடம்பு ஏறும், தகுதி இறங்கும். கோடை ஆன்லைன் பாடத்துக்கும் எச்சரிக்கை: உங்கள் பள்ளியின் குறியீட்டு எண்ணைப் போட்டால் தகுதி மையத் தளத்தில் ஒப்புக்கொண்ட பாடப் பட்டியல் வரும். பாடத்தின் பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கிரெடிட் ரெகவரி (தோற்ற பாடத்தை மீட்பது) என்ற பெயரில் மூன்று வாரத்தில் முடித்துத் தரும் பாடங்கள் இங்கேதான் செல்லாமல் போகின்றன.

நாற்பது_கெஜம் · 1 செப்டம்பர்

இன்று முதல் 2027 வகுப்புக்குக் கோச்சுகள் நேரடியாக எழுதலாம். பையனின் ஃபோன் நள்ளிரவிலேயே அடித்திருக்கும். பாதிக்கு மேல் மொத்தமாக அனுப்பிய கிராஃபிக்தான். பையனின் பெயரைத் தவிர அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கடிதம், பணம் கட்டி வரச் சொல்லும் கேம்ப் அழைப்பு இரண்டும் விளம்பரம். எந்த ஆட்டத்தில் எந்த ப்ளே (ஒரு தனி நகர்வு) என்று குறிப்பிட்டு எழுதுபவர்தான் ஃபிலிம் பார்த்தவர்.

ஹட்ல் தளத்தில் போடும் ஃபிலிமை (ஆட்ட வீடியோத் தொகுப்பு) திருத்த இதுவே நேரம். மூன்று நிமிடம் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். மிகச் சிறந்த ஆறு ப்ளே முதலில். ஸ்னாப்புக்கு (பந்து நகரத் தொடங்கும் கணம்) முன் ஒரு வினாடி நிறுத்தி வட்டம் போடுங்கள், ஓடும்போது வட்டம் கூடவே ஓட வேண்டாம். முதல் அட்டையில் சட்டை எண், உயரம், எடை, கோர் ஜிபிஏ, பட்டம் பெறும் ஆண்டு, பள்ளிக் கோச்சின் எண். இரண்டு முழு ஆட்டத்தின் இணைப்பு. பாட்டு வேண்டாம், கோச்சுகள் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். உயரத்தில் ஒன்றரை அங்குலம் கூட்டி எழுதுவது ஊர் வழக்கம். கேம்ப்பில் ஷூவைக் கழற்றச் சொல்லி அளந்ததும் பொய் தெரியும், அதோடு ஃபிலிமில் இருந்த மற்ற எண்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

விசா_வரிசை · 14 செப்டம்பர்

எச்-4இல் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்ப விசா) இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் பொருந்துமா? என்ஐஎல் (ஆட்டக்காரரின் பெயர், முகத்தைப் பயன்படுத்தத் தரும்) பணம் வாங்கலாமா?

நாற்பது_கெஜம் · 14 செப்டம்பர்

ஸ்காலர்ஷிப் வாங்கலாம், அது வேலை அல்ல. என்ஐஎல் வேறு. விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்குவது வேலை. எச்-4 பிள்ளைகளுக்கு வேலை அனுமதி கிடையாது (அந்த எச்-4 அனுமதி அட்டை துணைவருக்கு மட்டும், அதுவும் சிலருக்கு). எஃப்-1இலும் (மாணவர் விசா) சிக்கல்தான். கென்டக்கி கூடைப்பந்து அணியின் ஆஸ்கார் ஷிப்வே, காங்கோக்காரர், 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கே போய் முடித்தார், அமெரிக்க மண்ணில் செய்யக் கூடாதே என்று. கல்லூரியே தன் விளையாட்டு வருமானத்திலிருந்து ஆட்டக்காரருக்கு நேரடியாகத் தரும் வருவாய்ப் பங்குக்கும் இதே கேள்வி நிற்கிறது. கையெழுத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், கல்லூரி கம்ப்ளயன்ஸ் (விதிமுறைகளைக் கவனிக்கும்) ஆள் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். விசா போனால் போவது பையனுக்கு, அவருக்கு அல்ல.

இன்னொன்று 21 வயது. பச்சை அட்டை வரிசை நகராவிட்டால் பிள்ளை எச்-4இலிருந்து வெளியே வருவது மூன்றாவது அல்லது நாலாவது சீசனில் விழும். அதற்கு முன் எஃப்-1க்கு மாற வேண்டும். கூட்டாட்சி அரசின் மாணவர் உதவியும் இல்லை, பெல் கிராண்டும் (திருப்பித் தர வேண்டாத அரசு மானியம்) இல்லை. அதனால் "மீதியை அரசு உதவியில் சரிக்கட்டலாம்" என்று ஒரு டிவிஷன் 2 கோச் சொன்னால், பையனின் விசா நிலையை அவர் கேட்கவில்லை என்று அர்த்தம். மாநிலவாசிக் கட்டணம் பல மாநிலங்களில் எச்-4க்கு உண்டு, அதை விடாதீர்கள்.

நாற்பது_கெஜம் · 10 அக்டோபர்

மூன்றாவது கேள்வியான போர்ட்டலுக்கு இத்தனை நாள் வராமல் இருந்ததும் நல்லதுதான். ஆகஸ்டில் எழுதியிருந்தால் வருஷத்துக்கு இரண்டு வாசல் (பெயர் கொடுக்கக்கூடிய நாட்கள்) என்று எழுதியிருப்பேன்: போன சீசனில் டிசம்பர் 9 முதல் 28, பிறகு ஏப்ரல் 16 முதல் 25. இப்போது எஃப்பிஎஸ்ஸில் ஒரே வாசல், 2026 ஜனவரி 2 முதல் 16 வரை. ஏப்ரல் வாசல் போய்விட்டது. தேசிய இறுதி ஆட்டம் ஆடும் இரண்டு அணிகளுக்கு மட்டும் ஜனவரி 20 முதல் 24.

ஆக "எப்ப வேணும்னாலும்" என்பது 15 நாள். எத்தனை தடவை என்பதற்கு மட்டும் 2024 ஏப்ரலிலிருந்து வரம்பு இல்லை, படிப்பில் தகுதியோடு வெளியேறினால் போதும். ஏப்ரல் பயிற்சியில் மூன்றாவது வரிசைக்குத் தள்ளப்பட்டவருக்கு அடுத்த ஜனவரி வரை வழி கிடையாது. ஹெட் கோச் மாறினால் அந்த அணிக்குத் தனியாக 15 நாள் வாசல் உண்டு. முன்பு அது 30 நாளாக இருந்தது.

சென்னை_டச்டவுன் · 2 நவம்பர்

ஐவி லீக்? அங்கே ஸ்காலர்ஷிப் இல்லையாமே, அப்புறம் ஏன் எல்லாரும் அடிச்சுக்கிறாங்க?

நாற்பது_கெஜம் · 2 நவம்பர்

விளையாட்டுக்குக் காசு இல்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி உண்டு, அது பல வீடுகளுக்கு ஒரு அரை ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத் நான்கும் வெளிநாட்டு மாணவரையும் பண வசதியைப் பார்க்காமல் அனுமதித்து, குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. விசா_வரிசை இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

அங்கே நடைமுறை வேறு. 11ஆவது முடிந்த கோடையில் கோச் டிரான்ஸ்கிரிப்டை வாங்கி அனுமதி அலுவலகத்திடம் காட்டுவார், ப்ரீ-ரீட் என்பார்கள். பச்சைக் கொடி வந்தால்தான் பேச்சு. 12ஆவதின் அக்டோபர் 1 முதல் "லைக்லி லெட்டர்" (அனுமதி ஏறத்தாழ உறுதி என்ற கடிதம்) வரலாம், அதுதான் அங்கே பிடித்துக்கொள்ளத்தக்க காகிதம். டிவிஷன் 3இல் நல்ல படிப்புக் கல்லூரிகளிலும் ப்ரீ-ரீட் உண்டு. அங்கே கோச் "உனக்கு என் ஆதரவு உண்டு" என்றால், அனுமதி அலுவலகம் அந்த ஆதரவுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறது, போன வருஷம் இப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று கேளுங்கள்.

மிலிட்டரி அகாடமிகளில் எல்லாமே இலவசம், பிறகு ஐந்து வருஷம் பணி. குடியுரிமை வேண்டும்.

நாற்பது_கெஜம் · 4 டிசம்பர்

நேற்று 2026 வகுப்பின் கையெழுத்து நாள். கவனித்தீர்களா? பென் ஸ்டேட் அக்டோபரில் ஹெட் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினை நீக்கியது. அவர் நவம்பரில் வர்ஜீனியா டெக் போனார், அவருக்குச் சொல்லி வைத்திருந்த பையன்களில் பலர் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டார்கள். ஹெட் கோச் லேன் கிஃபின் ஞாயிற்றுக்கிழமை ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) விட்டு எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) போனார், கையெழுத்துக்கு மூன்றே நாள் முன்பு. கோச்சை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த மூன்று நாளில் என்ன செய்திருப்பார்கள்?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்" (இந்தக் கல்லூரியில் சேர்வேன் என்ற கட்டுப்படுத்தும் கடிதம்) என்று இன்னும் சொல்கிறார்கள். அது 2024 அக்டோபரிலேயே ஒழிந்தது. இப்போது கையெழுத்துப் போடுவது நிதி உதவி ஒப்பந்தத்தில். போட்டபின் மற்ற கல்லூரிகள் பையனிடம் பேசக் கூடாது. வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் தனிக் காகிதமாக வரும். அதில் பாருங்கள்: விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை, காயத்தில் என்ன ஆகும், கல்லூரி விட்டபின்னும் பெயரையும் முகத்தையும் அவர்கள் பயன்படுத்தலாமா, எத்தனை தவணை. வெளியார் தரும் என்ஐஎல் ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ என்றால் என்ஐஎல் கோ என்ற பதிவுத் தளத்தில் ஐந்து வேலை நாளுக்குள் பதிய வேண்டும்.

ஏஜென்ட் கமிஷனுக்குத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 3 சதவீத உச்சவரம்பு உண்டு. கல்லூரியில் அப்படி ஒன்று கிடையாது. 2024 செப்டம்பரில் மேத்யூ ஸ்லூகா என்ற ஆட்டக்காரர் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு யுஎன்எல்வி (லாஸ் வேகஸ்) கல்லூரியை விட்டு விலகினார். சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்றார் அவருடைய ஏஜென்ட், கல்லூரி மறுத்தது. எழுத்தில் ஏதும் இல்லை. (மூன்று ஆட்டம் ஏன்? நாலு ஆட்டம் வரை ஆடினால் ரெட்ஷர்ட் போட்டு (அந்த சீசனை ஆடாததாகக் கணக்கு வைத்து) அந்த வருஷத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அவ்வளவு யோசித்தவர்கள் காகிதத்தை யோசிக்கவில்லை.)

நாற்பது_கெஜம் · 5 ஜனவரி 2026

வாசல் திறந்து மூன்று நாள் ஆகிறது. இதில் இருப்பவர்களுக்காக.

கம்ப்ளயன்ஸ் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், வாயால் சொல்லாதீர்கள். தேதி பதிவாக வேண்டும். இரண்டு வேலை நாளில் பெயரை ஏற்ற வேண்டும் என்பது விதி. பெயர் ஏறும் வரை வேறு கோச் பேசக் கூடாது. பெயர் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: டிரான்ஸ்கிரிப்ட் நகல், ஒவ்வொரு பாடத்தின் சிலபஸ், எம்ஆர்ஐ படங்கள். பார்க்கிங் அபராதம் முதல் எல்லாப் பாக்கியையும் கட்டிவிடுங்கள், இல்லையேல் டிரான்ஸ்கிரிப்ட் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பெயர் கொடுத்த மறுநாள் லாக்கர் அறைக் கதவு அட்டைக்குத் திறக்காமல் போகலாம். பெயரைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் கல்லூரிக்கு இல்லை.

மாறுபவர்கள் அதிகம் சறுக்குவது கிரெடிட்டில். மூன்றாம் ஆண்டு தொடங்கப் பட்டத்தின் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும், நாலாம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80. 120 கிரெடிட் பட்டம் என்றால் 40 சதவீதம் 48. பழைய கல்லூரியில் 60 முடித்தவர் நிம்மதியாக இருப்பார். புதிய கல்லூரி அவர் எடுக்கும் மேஜருக்கு (முதன்மைப் பாடம்) 44ஐ மட்டும் ஏற்றால் அவர் ஆடத் தகுதியற்றவர். கோடையில் இரண்டு பாடம் எடுத்து 50 ஆக்கலாம். நாலாம் ஆண்டில் 60 சதவீதத்துக்கு இப்படி 15 கிரெடிட் குறைந்தால் ஒரு கோடையில் அடைபடாது. கோச் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார். பார்க்க வேண்டியவர் பதிவாளர். மேஜர் வாரியாக எத்தனை கிரெடிட் என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஃபுட்பாலுக்கென்று இன்னொன்றும் உண்டு: இலையுதிர்ப் பருவத்தில் 9 கிரெடிட் தேறாவிட்டால் அடுத்த சீசனின் முதல் நாலு ஆட்டம் போச்சு. டிசம்பரில் "எப்படியும் மாறப்போகிறேன்" என்று பரீட்சைக்குப் போகாமல் விட்டவர்களுக்கு இது செப்டம்பரில்தான் உறைக்கும்.

பல கல்லூரிகளில் இரண்டாம் வாரமே வகுப்பு தொடங்கி, சேர்க்கைக் கடைசி நாளும் அதை ஒட்டியே வரும். வாசல் 16 வரை திறந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சென்னை_டச்டவுன் · 6 ஜனவரி

கல்லூரி பெயரை ஏத்த மாட்டேன்னா?

நாற்பது_கெஜம் · 6 ஜனவரி

போன ஜனவரியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தன் ஆட்டக்காரர் சேவியர் லூகஸ் பெயரை ஏற்றவில்லை, இரண்டு வருஷ வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று. அவர் மாணவராகவே விலகி, மயாமியில் சாதாரண மாணவராகச் சேர்ந்து, அங்கேயே ஆடினார். ஜூனில் விஸ்கான்சின் மயாமி மீது வழக்குப் போட்டது. வழி இருக்கிறது, வழக்கறிஞர் செலவோடு.

கேட்டி_அப்பா · 19 ஜனவரி

பையன் அந்தக் கேள்வியைக் கேட்டுட்டான். "ஸ்ப்ரிங் பிராக்டிஸ் பார்க்க வா, அப்புறம் பேசலாம்"னு பதில். கோர் ஜிபிஏ போட்டுப் பார்த்தோம், 2.9. பள்ளியில் 3.6.

நாற்பது_கெஜம் · 19 ஜனவரி

அப்போது அது ஆஃபர் இல்லை, அழைப்பு. போய் வாருங்கள், செலவு உங்களுடையது. ஏப்ரல் 1க்கு அப்புறம் கல்லூரிச் செலவில் அதிகாரபூர்வ விசிட்டுக்குக் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள், எண்ணிக்கைக்கு இப்போது வரம்பு இல்லை, ஒரு கல்லூரிக்கு ஒன்று. 2.9 டிவிஷன் 1க்குத் தாராளம், ஐவி ப்ரீ-ரீட்டுக்குக் குறைவு. எந்த இரண்டு சி-யைக் கோடைக்குள் மாற்ற முடியும் என்று கவுன்சிலரோடு உட்கார்ந்து பாருங்கள், பாடத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில்.